நீரில் உலோக ஒட்சைட்டுக் கொத்தயன்கள்: எந்தக் கருவிடம் கேட்பது?

திருகோணமலையிலிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. செம்மஞ்சள் கரைசலோ நிறமற்ற கரைசலோ போத்தலில் தயார். கொழும்புப் பக்கத்தில் உள்ள ஒரு என்எம்ஆர் கருவியில் அரை நாளோ ஒரு நாளோ நேரம் கிடைத்திருக்கிறது. 260 கிலோமீற்றர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த நேரத்தை எந்த அணுக்கருவில் செலவிடுவது? வனேடியமா, பொசுபரசா, அலுமினியமா, ஒட்சிசனா, தங்ஸ்டனா?

என்எம்ஆர் என்று எல்லோரும் சொல்லும் கருக்காந்தப் பரிவு, காந்தப்புலத்தில் வைத்த அணுக்கருக்கள் எந்த மீடிறனில் பரிவுறுகின்றன என்று பார்க்கும் முறை. அதற்கு உலோக ஒட்சைட்டுக் கொத்தயன்கள் மிகவும் பொருத்தமானவை. பல உலோக அணுக்களை ஒட்சிசன் பாலங்கள் கோத்து வைத்திருக்கும் கொத்துகள் இவை. டெக்காவனேடேற்றில் 10 வனேடியமும் 28 ஒட்சிசனும் உண்டு. கெகின் கட்டமைப்புள்ள பொசுபோதங்ஸ்டேற்றில் நடுவே ஒரு பொசுபரசு, சுற்றி 12 தங்ஸ்டன், 40 ஒட்சிசன். பளிங்காக்கி எக்ஸ் கதிரில் பார்த்தால் கட்டமைப்புத் தெளிவாகத் தெரியும். ஆனால் பளிங்காகப் படிவது எளிதில் படியக்கூடிய இனம் மட்டுமே. கரைசலில் அதிகமாக இருந்ததும் அதுவேதான் என்று சொல்ல முடியாது. நீருக்குள் என்ன நடக்கிறது என்பதை நீருக்குள்ளேயே பார்க்க வேண்டும். ஒரே அயனில் இரண்டு மூன்று வகைக் கருக்கள் இருப்பதால் தெரிவும் வருகிறது, குழப்பமும் வருகிறது.

## முதலில் அளவுகோல்கள்

தெரிவைத் தீர்மானிப்பது கேள்விதான், கருவி இரண்டாவது. கரைசலில் என்னென்ன இனங்கள், எவ்வளவு எவ்வளவு இருக்கின்றன என்பது ஒரு கேள்வி. கொத்தின் உலோக அணுக்கள் எந்த ஒழுங்கில் கோக்கப்பட்டுள்ளன என்பது இன்னொன்று. கொத்தின் ஒட்சிசன்கள் சுற்றியுள்ள நீரின் ஒட்சிசனோடு எவ்வளவு விரைவாக இடம் மாறுகின்றன என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே கருவால், ஒரே நாளில் தீர்க்கப் போனால் மூன்றும் அரைகுறையாகும்.

கேள்வி தெளிவான பின் உணர்திறனைப் பார்க்க வேண்டும். அந்தச் சமதானி இயற்கையில் எத்தனை வீதம் உண்டு, அது எந்த மீடிறனில் பரிவுறுகிறது என்ற இரண்டும் சேர்ந்து, எத்தனை மில்லிகிராம் பொருள் வேண்டும், எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். நிறமாலைக் கோட்டின் அகலமும் முக்கியம். சுழற்சி எண் (கருவின் ஸ்பின்) 1/2 உள்ள கருக்கள் ஒடுங்கிய கோடு தரும். அதற்கு மேற்பட்டவை நான்முனைவுக் கருக்கள். அவற்றைச் சுற்றியுள்ள அணுக்களின் ஒழுங்கு சமச்சீராக இல்லாவிட்டாலோ, கொத்து பெரிதாகி மெதுவாகப் புரண்டாலோ கோடு அகன்று, சில வேளை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

பலரும் கேட்க மறப்பது புரோப்பின் (மாதிரிக் குழாயை ஏற்று சைகையைப் பிடிக்கும் பாகத்தின்) மீடிறன் எல்லை. கருவி 400 மெகாஹேட்ஸ் என்று சொன்னால் அது ஐதரசனுக்குரிய எண். உங்கள் கரு எந்த மீடிறனில் வருகிறதோ அதற்கு புரோப் சுருதி கூட்டப்படக்கூடியதா என்பது தனி விடயம். கடைசியாகப் பயணம்: காலையில் கலந்த கரைசல் மாலையில் அதே கரைசலாக இருக்குமா?

| கரு | சுழற்சி எண் | இயற்கை வீதம் | 400 கருவியில் மீடிறன் (மெகாஹேட்ஸ்) | ஒரு நிறமாலைக்கு ஆகும் நேரம் | எதற்குச் சிறந்தது |
|---|---|---|---|---|---|
| வனேடியம்-51 | 7/2 | 99.75 | 105.2 | சில நிமிடம் | இனங்களைப் பிரித்து எண்ணுதல் |
| பொசுபரசு-31 | 1/2 | 100 | 161.9 | நிமிடங்கள் முதல் ஒரு மணித்தியாலம் வரை | கெகின் போன்ற கொத்துகளின் தூய்மை, சிதைவு |
| அலுமினியம்-27 | 5/2 | 100 | 104.2 | சில நிமிடம் | 13 அலுமினியக் கொத்தை அளத்தல் |
| ஒட்சிசன்-17 | 5/2 | 0.038 | 54.2 | செறிவூட்டினால் ஒரு மணித்தியாலம். இல்லாவிட்டால் இரவு முழுதும் | ஒட்சிசன் வகை, பரிமாற்ற வேகம் |
| தங்ஸ்டன்-183 | 1/2 | 14.3 | 16.7 | ஓர் இரவு | கட்டமைப்பு, சமச்சீர் |

## வனேடியம்-51: முதல் முயற்சிக்கு ஏற்றது

இத்துறையில் கால் வைப்பவர் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. சமதானி ஏறக்குறைய முழுவதும் இதுவே. தூண்டிய கரு பழைய நிலைக்குத் திரும்பும் தளர்வு நேரம் மில்லிசெக்கன் அளவிலானது, ஆகவே கருவைத் தூண்டும் ஒரு வானொலி அலைத் துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் காத்திருக்கத் தேவையில்லை. 0.1 செக்கன் பதிவு என்றால் 5000 துடிப்பு ஏறத்தாழ 8 நிமிடத்தில் முடிந்துவிடும்.

செய்முறை எளிது. நீரற்ற சோடியம் மெற்றாவனேடேற்று 1.22 கிராமை 80 மில்லிலீற்றர் வெந்நீரில் முழுவதும் கரைத்து, ஆறவிட்டு, லீற்றருக்கு 1 மூல் ஐதரோகுளோரிக் அமிலத்தை நன்றாகக் கலக்கிக்கொண்டே துளித்துளியாக விடுங்கள். பத்து வனேடேற்றுக்கு நான்கு ஐதரசன் அயன் என்பது கணக்கு, ஆகையால் 4 மில்லிலீற்றர் கொத்தை ஆக்கவே செலவாகும். 5 மில்லிலீற்றரைத் தாண்டும்போது பிஎச் 4.5 பக்கம் வந்து நிற்கும். பிறகு 100 மில்லிலீற்றராக்கினால் வனேடியம் லீற்றருக்கு 0.1 மூல், கொத்து 0.01 மூல். அமிலத்தை ஓரிடத்தில் ஊற்றினால் அந்த இடத்தில் செங்கபில நிற ஒட்சைட்டு படிந்துவிடும், அது திரும்பக் கரைய நெடுநேரம் எடுக்கும்.

நிறமாலையில் டெக்காவனேடேற்று மூன்று கோடாகத் தெரியும்: −424, −500, −516 பிபிஎம் அண்மையில், பரப்பளவு விகிதம் 2:4:4. மாட்டேற்று, அதாவது 0 பிபிஎம் என்று வைத்து ஒப்பிடும் பொருள், வனேடியம் ஒட்சிகுளோரைட்டு. அதன் மீடிறனிலிருந்து பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு விலகல் என்பதே பிபிஎம். பிஎச் மாறினால் கோடுகள் சில பிபிஎம் நகரும். கொத்து புரோத்தனை ஏற்பதன் அடையாளம் அது, மாசு என்று பயப்பட வேண்டாம். நடுநிலைக் கரைசலில் தனி வனேடேற்று −560 பக்கமும், இரட்டை −573 பக்கமும், நான்கு சேர்ந்த வளையம் −578 பக்கமும் வரும். ஒரே நிறமாலையில் நான்கைந்து இனங்களைப் பிரித்து எண்ணலாம் என்பது இந்தக் கருவின் பெரிய பலம்.

மறைவான செலவுகள் தாங்கியிலும் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) நிறத்திலும் இருக்கின்றன. திரிஸ், சித்திரேற்று போன்றவை வனேடியத்தைத் தாமே பற்றிக்கொள்ளும். ஹெப்பிஸ் என்ற தாங்கி டெக்காவனேடேற்றை மெதுவாகத் தாழ்த்தும். தாழ்த்தப்பட்ட வனேடியம் சோடியற்ற இலத்திரன் கொண்டது. தான் கோடு தராததோடு அருகிலுள்ள கோடுகளையும் அகலமாக்கும். கரைசலில் பச்சை சாயல் தெரிந்தால் அளவிடுவதை நிறுத்துங்கள். பரப்பளவுகளின் கூட்டுத்தொகையைத் தெரிந்த செறிவுள்ள வனேடேற்றுக் கரைசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறைந்தால் அந்தக் குறைவே கண்ணுக்குத் தெரியாத வனேடியம். இந்தச் சரிபார்ப்பு இல்லாத வீதக் கணக்கை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, இது கடலோரத்தில் இருப்பவர்களுக்கு: கொட்டியார்குடா நீரில் வனேடியம் இருக்கும்தான், ஆனால் கடல்நீரில் அது லீற்றருக்கு 30 முதல் 40 நானோமூல் அளவில் மட்டுமே. இந்த முறை சிரமப்பட்டு எட்டக்கூடியது லீற்றருக்கு சுமார் 10 மைக்குரோமூல். ஏறத்தாழ முந்நூறு மடங்கு இடைவெளி. குடாநீரைப் போத்தலில் கொண்டுபோவதில் பயனில்லை.

## பொசுபரசு-31: கொத்தின் நடுவே இருக்கும் கண்

நடுவில் பொசுபரசு உள்ள கொத்து என்றால் இதைவிட மலிவான வழி இல்லை. லீற்றருக்கு 0.01 மூல் பொசுபோதங்ஸ்டிக் அமிலம், 5 மில்லிமீற்றர் குழாயில் 0.6 மில்லிலீற்றர் போதும். பளிங்கு நீரைச் சேர்த்தாலும் 20 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். 85 வீதப் பொசுபோரிக் அமிலத்தை 0 என்று வைத்தால், முழுக் கெகின் அயன் −15 பிபிஎம் அண்மையில் ஊசி போன்ற ஒரு கோடு தரும். ஒரு தங்ஸ்டன் உதிர்ந்த 11 தங்ஸ்டன் அயன் −10.5 பக்கம். 18 தங்ஸ்டன் கொண்ட டோசன் கட்டமைப்பின் அல்பா வடிவம் −12.5 பக்கம். முற்றாகச் சிதைந்தால் வரும் பொசுபேற்று 0 அருகில்.

இங்கே பலரும் வழுக்குவது ஐதாக்கலில். அந்த அமிலமே தன் பிஎச்சைத் தாழ்த்தி வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது: 0.01 மூலில் பிஎச் ஏறத்தாழ 1.5. அதையே பத்து மடங்கு ஐதாக்கினால் பிஎச் 2.5 ஆகி, 11 தங்ஸ்டன் அயன் தோன்றத் தொடங்கும். அதே போத்தல், அதே பொருள், வேறு நிறமாலை. ஐதாக்க வேண்டியிருந்தால் நீருக்குப் பதில் அமிலத்தால் ஐதாக்குங்கள். நடுவில் சிலிக்கன் உள்ள சகோதர அயன் பிஎச் 4 வரை தாக்குப்பிடிக்கும், ஆனால் அதில் பொசுபரசுக் கண் இல்லை.

பரப்பளவை நம்பி வீதம் சொல்வதாயின் தளர்வு நேரத்தை முதலில் அளந்து, அதன் ஐந்து மடங்கு காத்திருக்க வேண்டும். கொத்தின் மையத்தில் பொத்திவைத்த பொசுபரசுக்கு அந்நேரம் பல செக்கன்கள். வெளியே திரியும் பொசுபேற்றின் நேரம் வேறு. 1 செக்கன் காத்திருப்போடு எடுத்த நிறமாலையில் கொத்தின் பங்கு குறைத்தே தெரியும். கழுவுதூள் படிந்த கண்ணாடிப் பாத்திரம் 0 முதல் 3 பிபிஎம்முக்குள் ஒரு பொய்க் கோட்டைக் கொண்டுவரும். வெறும் நீரையும் ஒருமுறை அதே பாத்திரத்தில் எடுத்து அளந்துவிட்டால் சந்தேகம் தீரும்.

## அலுமினியம்-27: குடிநீரோடு தொடர்புள்ள கொத்து

திருகோணமலைக்குக் குடிநீர் கந்தளாயில் சுத்திகரித்து வருகிறது. நீர் தெளிவிக்கப் பயன்படும் பொருள்கள் பொதுவாக அலுமினியச் சேர்வைகள்: படிகாரம் அல்லது பல்லலுமினியக் குளோரைட்டு. பின்னதன் வேலையில் பெரும்பங்கு 13 அலுமினியம் கொண்ட, +7 ஏற்றமுள்ள கெகின் வகைக் கொத்துக்கு உரியது. எனவே நீர்ச் சுத்திகரிப்பில் ஆர்வமுள்ள மாணவருக்கு இந்தக் கருவே முதல் தெரிவாக இருக்க வேண்டும்.

அலுமினியம் குளோரைட்டு லீற்றருக்கு 0.25 மூல் கரைசலில் 25 மில்லிலீற்றரை 80 பாகை செல்சியசில் வைத்து, அதே செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு 60 மில்லிலீற்றரை நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றருக்கு மேற்படாமல் விடுங்கள். ஐதரொட்சைட்டு–அலுமினிய விகிதம் 2.4 ஆகும், கொத்துக்கான சரியான கணக்கு 32/13, அதாவது 2.46. அவசரப்பட்டு ஊற்றினால் வெண்ணிறக் கூழ் உண்டாகும், அது கொத்தாகாது. சல்பேற்று அண்டக் கூடாது. கொத்தை அது உப்பாகப் படியவைத்துவிடும். படிகாரமே அலுமினியச் சல்பேற்றுச் சேர்வை என்பதால், படிகாரக் கரைசலில் இக்கொத்தைத் தேடுவது கடினம்.

நிறமாலையில் கொத்து 63 பிபிஎம் அண்மையில் ஒடுங்கிய ஒற்றைக் கோடு தரும். ஆறு நீர் சூழ்ந்த தனி அலுமினியம் 0. நான்கு ஐதரொட்சைட்டு சூழ்ந்தது 80. அந்த 63 பிபிஎம் கோடு நடுவிலுள்ள ஒரேயொரு அலுமினியத்துக்கு உரியது. சுற்றியுள்ள 12 அலுமினியமும் அறை வெப்பநிலையில் அகன்று தரையோடு தரையாகக் கிடக்கும். பரப்பளவை 13 ஆல் பெருக்க மறந்தால் 90 வீதத்துக்கு மேல் அலுமினியத்தைக் காணவில்லை என்ற பிழையான முடிவு வரும். அவ்வளவு எளிய பிழை, அவ்வளவு பெரிய விளைவு.

மறைவான செலவு கண்ணாடிக் குழாய். போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியில் அலுமினியம் உண்டு, புரோப்பின் உட்பாகங்களிலும் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு மேடு போன்ற பின்னணியைத் தரும், அதுவும் நமக்கு வேண்டிய 60–70 பகுதியிலேயே. லீற்றருக்கு 0.05 மூலுக்கு மேல் அலுமினியம் இருந்தால் ஒடுங்கிய கோடு மேட்டுக்கு மேலே தெளிவாக நிற்கும். ஐதான கரைசல் என்றால் நீர் மட்டும் நிரப்பிய அதே குழாயின் நிறமாலையை எடுத்துக் கழிக்க வேண்டும், அல்லது குவார்ட்சுக் குழாய் வாங்க வேண்டும்.

## ஒட்சிசன்-17: விலை கூடியது, ஆனால் வேறெதுவும் சொல்லாததைச் சொல்வது

எல்லாக் கொத்துகளிலும் ஒட்சிசன் உண்டு. உலோகம் எதுவானாலும் இது பொதுவான கரு. உலோகத்தோடு இரட்டைப் பிணைப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒட்சிசன் 700 முதல் 1200 பிபிஎம் வரை, இரண்டு உலோகத்தை இணைக்கும் பாலம் அதற்குக் கீழே, ஆறு உலோகத்துக்கு நடுவே சிக்கிய ஒட்சிசன் 0 அருகில். இப்படி வகைவகையாகப் பிரிந்து நிற்பதால் எந்த ஒட்சிசன் புரோத்தனை ஏற்கிறது, எது நீரோடு இடம் மாறுகிறது என்று பெயர் சொல்லிக் காட்டலாம்.

சிக்கல் இயற்கை வீதம். நீரிலுள்ள ஒட்சிசன் லீற்றருக்கு 55.5 மூல், அதில் 0.038 வீதம் என்றால் 21 மில்லிமூல். இதே கணக்கை நமது 0.01 மூல் டெக்காவனேடேற்றுக்குப் போட்டால், 28 ஒட்சிசனும் சேர்ந்து 0.28 மூல், அதில் ஒட்சிசன்-17 வெறும் 0.1 மில்லிமூல். நீரின் கோட்டுக்குப் பக்கத்தில் இருநூறில் ஒரு பங்கு, அதையும் ஏழெட்டு வகையாகப் பங்கிட வேண்டும். 10 வீதம் செறிவூட்டிய நீரில் கொத்தை ஆக்கினால் அந்த 0.1 மில்லிமூல் 28 ஆகும். அந்த நீர் கிராம் கணக்கில் விற்பனையாவது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியது. ஒரு மாதிரிக்கு 0.5 மில்லிலீற்றராவது வேண்டும். விலை கேட்டு, வந்து சேரும் காலமும் கேட்டுவிட்டுத்தான் ஆய்வைத் திட்டமிட வேண்டும்.

கருவிப் பக்கத்திலும் இரண்டு தொல்லை. முதலாவது, துடிப்பு முடிந்ததும் புரோப்பே மணி போல அதிர்ந்து தரும் போலிச் சைகை. பதிவைத் தொடங்க 50 முதல் 100 மைக்குரோசெக்கன் தாமதித்தால் அது குறையும். அந்தத் தாமதத்திலேயே அகன்ற கோடுகளின் பெரும்பகுதி தேய்ந்துபோகும், அடிக்கோடும் அலையும். போலி அதிர்வைத் தானே கழிக்கும் பல்துடிப்பு வரிசைகள் கருவிகளில் உண்டு. கருவியைப் பார்ப்பவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, வீச்சு. 1300 பிபிஎம் என்பது இங்கே 70 கிலோஹேட்ஸ். 15 மைக்குரோசெக்கன் நீளமான 90 பாகைத் துடிப்பால் அவ்வளவு அகலத்தையும் சமமாகத் தூண்ட முடியாது. ஓரத்துக் கோடுகள் மெலிந்து தெரியும். 3 முதல் 5 மைக்குரோசெக்கன் துடிப்பு போதும். சைகை மில்லிசெக்கன்களில் அழிந்துவிடுவதால் 30 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை துடிக்கலாம். ஒரு இலட்சம் துடிப்பு 50 நிமிடம்.

கொத்து தாங்குமானால் 60 பாகை வரை சூடாக்கிப் பதியுங்கள். நீரின் பிசுக்குமை குறைய, கொத்து வேகமாகப் புரள, கோடு ஒடுங்கும். பரிமாற்ற வேகத்தை அளப்பதாயின் இதைச் செய்யக் கூடாது, வெப்பம் அந்த வேகத்தையும் மாற்றிவிடும்.

இவ்வளவு செலவுக்கு என்ன பயன்? 2000 ஆம் ஆண்டில் பிலிப்ஸ், கேசி, கார்ல்சன் ஆகிய ஆய்வாளர்கள் 13 அலுமினியக் கொத்தில் இந்தக் கருவைக் கொண்டு பார்த்தபோது, தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றான இரண்டு வகை ஐதரொட்சைட்டுப் பாலங்கள் நீரோடு இடம் மாறும் வேகத்தில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபடுவதைக் கண்டனர். மையத்திலுள்ள ஒட்சிசன்களோ இடம் மாறவே இல்லை. களிமண்ணும் பாறையும் நீரில் எப்படிக் கரைகின்றன என்று யோசிப்பவருக்கு இது பெரிய செய்தி. அலுமினியம்-27 எத்தனை நாள் ஓடினாலும் இதைச் சொல்லாது.

புல்மோட்டைக் கனிய மணலோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. அங்குள்ள இல்மனைற்று, உரூற்றைல் இரண்டிலும் தைத்தேனியம் இருக்கிறது. தைத்தேனியத்தையே நேரடியாகப் பார்க்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்: 47, 49 என்ற இரண்டு சமதானிகளும் நான்முனைவுக் கருக்கள், இரண்டும் 400 கருவியில் 22.55 மெகாஹேட்ஸ் பக்கத்தில் 270 பிபிஎம்முக்கும் குறைந்த இடைவெளியில் பரிவுறுகின்றன. கொத்துகளில் அவற்றின் கோடுகள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று விழும். தைத்தேனியக் கொத்துக்கு ஒட்சிசன்-17 தான் வழி. இல்மனைற்றைக் கரைத்து எடுத்த கரைசலாயின் இரும்பை முற்றாக நீக்க வேண்டும். பெரிக்கு அயனின் சோடியற்ற இலத்திரன்கள் எல்லாக் கோட்டையும் அழித்துவிடும்.

## தங்ஸ்டன்-183: பொறுமையும் நிறைய உப்பும் உள்ளவருக்கு

சுழற்சி 1/2 என்பதால் கோடு மிக ஒடுங்கியது. சோடியம் தங்ஸ்டேற்றுக் கரைசலை 0 ஆக வைத்தால், 12 தங்ஸ்டன் கொண்ட சிலிக்கன் கெகின் அயன் −103.8 பிபிஎம்மில் ஒரே கோடு. 12 தங்ஸ்டனும் சமமானவை என்பதற்கு அதுவே சாட்சி. ஒன்றை உதிர்த்தால் ஆறு கோடு, பரப்பளவு விகிதம் 2:2:2:2:2:1. சமச்சீர் எப்படி உடைந்தது என்று இந்த விகிதமே சொல்லிவிடும். கோட்டின் அடியில் தெரியும் சிறு பிளவுகளில் இன்னும் செய்தி உண்டு: மூலையால் இணைந்த இரு தங்ஸ்டன்களுக்கு 15 முதல் 30 ஹேட்ஸ், விளிம்பால் இணைந்தவற்றுக்கு 5 முதல் 10 ஹேட்ஸ். அதைக்கொண்டு யார் யாருக்கு அயல் என்று வரைபடமே போடலாம்.

இதன் விலை மீடிறனில் இருக்கிறது. 16.7 மெகாஹேட்ஸ் மிகத் தாழ்ந்தது. பல கருக்களுக்கும் பொதுவான புரோப்புகள் பல வெள்ளி-109 வரை, அதாவது 18.6 மெகாஹேட்ஸ் வரையே இறங்கும். தங்ஸ்டன் அதற்குச் சற்றுக் கீழே. ‘எல்லாக் கருவும் எடுக்கலாம்’ என்ற பதிலோடு திருப்திப்படாமல் ‘16.7 வரை இறங்குமா’ என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

பொருளின் அளவும் வேறு உலகம். 10 மில்லிமீற்றர் குழாயில் 2.5 மில்லிலீற்றர், லீற்றருக்கு 0.2 மூல் என்றால் பொசுபோதங்ஸ்டிக் அமிலம் ஒன்றரைக் கிராம் வேண்டும். பொசுபரசுக்குத் தேவைப்பட்ட 20 மில்லிகிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொற்றாசியம் உப்புகள் அவ்வளவு கரையமாட்டா. இலிதியம் பேர்குளோரேற்று சேர்த்தால் பொற்றாசியம் பேர்குளோரேற்றாகப் படியும், இலிதியம் உப்பு கரைசலில் நிற்கும்; வடித்துவிட்டு அளக்கலாம். பேர்குளோரேற்று கலந்ததை உலரும்வரை சூடாக்கக் கூடாது, சேதனப் பொருள்களோடு சேர விடவும் கூடாது. 5 செக்கனுக்கு ஒரு துடிப்பு, 5000 துடிப்பு என்றால் ஏறத்தாழ 7 மணித்தியாலம். கட்டமைப்பு உறுதியாகத் தெரிய வேண்டிய புதிய கொத்து கையில் இருந்தால் மட்டும் இந்த இரவைக் கேளுங்கள். தெரிந்த கொத்தின் தூய்மையைப் பார்க்க இது வேண்டாம், பொசுபரசே போதும்.

மொலிப்தனம்-95 பற்றி ஒரு வார்த்தை: 400 கருவியில் 26.1 மெகாஹேட்ஸ், 15.9 வீதம், சுழற்சி 5/2. தனி மொலிப்டேற்றுக்கு அழகான கோடு, ஏழு சேர்ந்த எப்தாமொலிப்டேற்றுக்கு அகன்ற மேடு. கொத்து ஆனதா இல்லையா என்று பார்க்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

## எந்தக் கருவானாலும் வரும் செலவுகள்

கருவிக்குக் காந்தப்புலத்தைப் பிடித்து நிறுத்தப் பார நீர் வேண்டும். மாதிரியையே பார நீரில் கரைத்தால் பிஎச் மானி காட்டும் எண்ணோடு 0.4 கூட்ட வேண்டியிருக்கும், சமநிலைகளும் சற்று நகரும். பார நீரை மெல்லிய உட்குழாயில் அடைத்து மாதிரிக் குழாய்க்குள் இறக்குவது சிறந்தது. மாட்டேற்றுக் கரைசலையும் அதே உட்குழாயில் வைக்கலாம்.

உப்பு கூடினால் கரைசல் மின்னைக் கடத்தும், துடிப்பின் வலு குறையும். ஒவ்வொரு மாதிரிக்கும் சுருதியையும் துடிப்பு நீளத்தையும் மறுபடி சரிசெய்யுங்கள். கார மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் இரண்டு நாள் வைத்தால் சிலிக்கேற்று கரைந்து வரும், திறந்து வைத்தால் காற்றின் காபனீரொட்சைட்டு பிஎச்சை இறக்கும். விளிம்புவரை நிரப்பிய பிளாஸ்ரிக் போத்தலே நல்லது.

பயணத்துக்கு இரண்டு வழி. உலர்ந்த உப்பாகக் கொண்டுபோய் அங்கே கரைப்பது ஒன்று. தங்ஸ்டன், பொசுபரசு வேலைகளுக்கு இதுவே பாதுகாப்பு. கரைசலின் சமநிலையே கேள்வியானால் கரைசலாகத்தான் கொண்டுபோக வேண்டும். பிஎச் 4.5 டெக்காவனேடேற்று இரவுப் புகையிரதத்தைத் தாங்கும். அதையே பிஎச் 7 க்கு உயர்த்திக் கொண்டுபோனால் வழி நெடுக மணித்தியாலக் கணக்கில் சிதையும், நிறம் வெளிறும். அந்த உயர்த்தலைக் கருவிக்குப் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்தில் எந்த மாதிரியையும் விடக் கூடாது.

ஒரு நாள்தான் கிடைத்தது, கையில் இரண்டு வகை மாதிரி இருக்கிறது என்றால் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். காலையில் முதல் அரை மணித்தியாலம் வெறும் நீரும் மாட்டேற்றும். அடுத்து, மாறிக்கொண்டிருக்கும் மாதிரி எதுவோ அது: வனேடியமோ அலுமினியமோ, ஒவ்வொன்றும் பத்து நிமிடம், அதே மாதிரியை மதியம் இன்னொரு தடவை. பொசுபரசு அதற்குப் பின். தங்ஸ்டனோ செறிவூட்டாத ஒட்சிசனோ இருந்தால் மாலை ஆறு மணிக்கு ஏற்றி இரவு ஓடவிடுங்கள். குழாயைக் கழுவுமுன் அதிலுள்ள கரைசலின் பிஎச்சை மெல்லிய மின்வாயால் மறுபடி அளந்து, திருகோணமலையில் குறித்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் 0.2 க்கு மேல் வேறுபட்டால் அந்த நிறமாலைக்குரிய பிஎச் இரண்டாவது எண்தான்.